பெட்டி சிறிது, பாரம் பெரிது

"உந்தப் பெட்டி ஓடாது, தம்பி!"

எங்கள் கல்லூரியிலே நடந்த கண்காட்சி ஒன்றில், மேசைமீது வைக்கப்பட்டிருந்த ஒரு சிறிய புகையிரதச் சரக்குப் பெட்டியைக் குனிந்து பார்த்த முதியவர் ஒருவர் கூறிய சொற்கள் இவை. அதைச் செய்த மாணவனின் முகம் வாடிவிட்டது. மூன்று வாரமாக இராக்கண் விழித்து, அட்டையை வெட்டி, ஈர்க்கைச் சீவி, பலகை பலகையாக ஒட்டி, கதவும் திறந்து மூடக்கூடியதாக அதனைச் செய்திருந்தான் அவன். உள்ளே, தரையிலிருந்து கூரைமட்டும் குட்டிக் குட்டிச் சீமெந்து மூடைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். சரித்திரம் படிப்பிக்கும் நானுந்தான் பாராட்டினேன். அப்படியிருக்க, இந்தப் பெரியவர் 'ஓடாது' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டாரே, காரணம் என்ன?

அதைச் சொல்வதற்கு முன்னர், புகையிரதமே வராத ஊரிலே புகையிரதம் செய்ய நாங்கள் முற்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தண்டவாளம் எட்டாத ஊர்

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கித் திரும்பி, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து, வயல்களினூடே சென்றால் சவளக்கடை வரும். மாரி காலத்தில் வெள்ளம் தாம்போதியை மேவிப் பாயும்போது அந்தச் சிறு பயணமே பெரும் பயணமாகிவிடும். இப்பகுதியில் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. வயலை நம்பிய வாழ்க்கை இரு சாராருக்கும் பொதுவானது.

மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928ஆம் ஆண்டில். வந்த புகையிரதம் அங்கேயே நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய எந்த ஊருக்கும் தண்டவாளம் எட்டவில்லை. ஆதலால் எங்கள் பிள்ளைகளுக்குக் 'கோச்சி' என்பது பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்கு ஏறுகின்ற ஒன்று. அதிலே மனிதர் போவதை அவர்கள் கண்டிருக்கிறார்கள்; சரக்குப் போவதைக் கண்டவர்கள் மிகச் சிலரே.

ஒருநாள் வகுப்பிலே, "நமது நாட்டில் புகையிரதப் பாதை எதற்காகப் போடப்பட்டது?" என்று கேட்டேன்.

"ஆட்கள் போய்வர, சேர்!" என்று வகுப்பே ஒருமித்துச் சொன்னது.

விடை தவறு. மனிதர் ஏறியது பின்னர். முதலில் ஏறவேண்டியிருந்தது கோப்பிக் கொட்டை. இந்த ஒரு செய்தியை அவர்கள் மனத்தில் பதியவைக்க வேண்டும் என்று எண்ணியே, "ஆளுக்கொரு சரக்குப் பெட்டி செய்யுங்கள், ஆனால் வெறும் பெட்டியாக அல்ல, அது சுமந்த சரக்கோடு செய்யுங்கள்" என்று சொன்னேன்.

கோப்பிக்காகப் போட்ட பாதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டி மலைநாடெங்கும் கோப்பித் தோட்டங்கள் பெருகின. விளைந்த கோப்பியை மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுவர நாட்கள் பல கழிந்தன. மழை பெய்தால் வாரங்களும் கழிந்தன. மாடுகள் நோயால் மடிந்தன, தெருக்கள் சேறாயின, கப்பல் காத்திருந்தது. தோட்டக்காரர்கள் இடைவிடாது வற்புறுத்தியதன் பேரிலேயே புகையிரதம் வந்தது. 1864ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 27ஆம் தேதி முதலாவது புகையிரதம் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடியது. 1867ஆம் ஆண்டில் பாதை கண்டியை எட்டியது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! கோப்பிக்கென்று இத்துணைப் பாடுபட்டுப் பாதை போட்டுக் கண்டியை அடைந்து இரண்டாண்டு செல்வதற்குள், 1869இல், கோப்பி இலையிலே ஒருவகைத் துரு நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது இலங்கையின் கோப்பிச் செய்கையைச் சீரழித்துவிட்டது. ஆனால் பாதை வீண்போகவில்லை. கண்டிக்குப் புகையிரதம் வந்த அதே 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பி இறங்கிய பெட்டிகளில் தேயிலை இறங்கத் தொடங்கியது. பாதையும் தேயிலையைத் தேடி மேலே ஏறியது. 1885இல் நானுஓயாவையும், பட்டிப்பொலையில் 1,898 மீற்றர் உயரத்தைக் கடந்து, ஈற்றில் 1924இல் பதுளையையும் அடைந்தது.

இந்தப் பாதையின் சரக்குப் பெட்டியைச் செய்ய விரும்பும் மாணவன், 'தேயிலை' என்று எழுதி ஒட்டிவிட்டால் போதாது. அது எத்திசையில் செல்லும் பெட்டி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கீழே இறங்கும் பெட்டியாயின், உட்புறம் ஈயத்தாள் வேய்ந்த மரப்பெட்டிகளில் தேயிலை இருக்கும். மேலே ஏறும் பெட்டியாயின், தேயிலை இராது. அரிசி மூடை இருக்கும், உரம் இருக்கும். அந்த அரிசியை உண்டவர் யார்? தமிழ்நாட்டிலிருந்து வந்து அந்த மலைகளில் வியர்வை சிந்திய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். 1914இல் தலைமன்னாருக்குப் பாதை போடப்பட்டு, தனுஷ்கோடியுடன் கப்பற் சேவை இணைந்த பின்னர், அவர்களிற் பலர் வந்ததும் இதே தண்டவாளத்தின் மேலேதான். மேலே ஏறிய அரிசியையும் கீழே இறங்கிய தேயிலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மலையகத்தின் சரித்திரம் பாதி விளங்கிவிடும்.

விளையாட்டுப் பொருளும் மாதிரி உருவும்

சிறிய புகையிரதம் செய்வது மேல்நாடுகளில் நெடுநாளைய பழக்கம். ஜெர்மன் தேசத்து மார்க்லின் கம்பெனியார் 1891இல் லைப்சிக் சந்தையிலே, தண்டவாளத்தோடு கூடியதும் மேன்மேலும் பெட்டிகளைச் சேர்த்துக்கொள்ளக் கூடியதுமான விளையாட்டுப் புகையிரதத்தைக் காட்டினார்கள். இங்கிலாந்தில் 'மெக்கானோ' புகழ் பிராங்க் ஹோர்ன்பி 1920இல் அத்தகையவற்றைச் செய்யத் தொடங்கினார். அமெரிக்காவில் இக்கலையில் ஈடுபட்டோர் 1935இல் தேசிய அளவில் ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள்.

விளையாட்டுப் பொருளுக்கும் மாதிரி உருவுக்கும் வேற்றுமை உண்டு. விளையாட்டுப் பொருள் ஓடினாற் போதும். மாதிரி உரு உண்மையைச் சொல்லவேண்டும். அதனாலேதான் அமெரிக்கரிலே பலர் எஞ்சினை விட்டுவிட்டு, சரக்குப் பெட்டிகளை மாத்திரம் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து செய்கின்றனர். எஞ்சின் இழுக்கிறது, ஆனால் நாட்டின் வாழ்வைச் சுமப்பது பெட்டி.

அவர்கள் கவனிக்கும் நுட்பங்களில் இரண்டை மட்டும் கூறுகிறேன். ஒருகாலத்தில் அங்கே கோதுமையை மூடையிற் கட்டாமல் சாதாரண மூடு பெட்டியிலேயே கொட்டி அனுப்பினார்கள். கதவு வழியாகத் தானியம் சிந்தாமலிருக்க, வாசலின் உட்புறத்தே பலகைகளைக் குறுக்காக அறைந்துவிடுவார்கள். மேலே கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். ஆகவே கோதுமைப் பெட்டியின் கதவைத் திறந்து காட்டும் மாதிரி உருவில் அந்தப் பலகை இல்லையென்றால், அறிந்தவர் நகைப்பர். அவ்வாறே இறைச்சியும் பழமும் கொண்டுசென்ற பெட்டிகளின் இரு கோடிகளிலும் பனிக்கட்டி போடும் அறைகள் இருந்தன. கூரையிலுள்ள சிறு மூடிகளைத் திறந்து, வழிநெடுகப் பனிக்கட்டி நிரப்பினார்கள். அந்த மூடியின் கீழ் நீர் வடிந்த கறையைக்கூட வண்ணம் தீட்டிக் காட்டுகிறவர்கள் அவர்கள்.

நமது அகலம், நமது தொல்லை

"நாமும் கடையில் ஒரு செட் வாங்கினாலென்ன?" என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். பணம் ஒருபுறம் இருக்கட்டும். வாங்கினாலும் அது நமது புகையிரதம் ஆகாது.

காரணம் தண்டவாளத்தின் அகலம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான பாதைகளின் அகலம் 1,435 மில்லிமீற்றர். இலங்கையிலோ, இந்தியாவின் அகலப் பாதையைப்போலவே, ஐந்தரை அடி. அதாவது 1,676 மில்லிமீற்றர். கடையில் விற்கும் மிகப் பிரபலமான சிறு தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர் அகலமுடையது. அது உண்மையின் 87இல் ஒரு பங்கு என்னும் அளவுக்கு ஏற்றது. அதே கணக்கில் நமது பாதையைச் சுருக்கினால் 19.3 மில்லிமீற்றர் வேண்டும். மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம் பெரிதா என்று கேட்கலாம். கண்ணுக்கு அது தெரியும். நமது வண்டிகளின் அகன்ற, நிலத்தோடு அமர்ந்த தோற்றம் அந்த ஒடுங்கிய தண்டவாளத்தில் வராது.

ஆதலால் நாங்கள் எல்லாவற்றையும் கையாலேயே செய்வதென்று தீர்மானித்தோம். பிள்ளைகள் கணக்குச் செய்ய இலகுவாக 50இல் ஒரு பங்கு என்னும் அளவை எடுத்துக்கொண்டோம். தண்டவாளத்தின் அகலம் 33.5 மில்லிமீற்றர் வந்தது. அந்த எண்ணே எங்களுக்கு அளவுகோலும் ஆயிற்று. பழைய புகைப்படமொன்றில் ஒரு பெட்டியின் முகப்பு நேராகத் தெரியுமானால், தண்டவாள அகலத்தை முதலில் அளந்து, அதைக்கொண்டு பெட்டியின் உயரத்தையும் அகலத்தையும் கணித்துவிடலாம். விகிதசமக் கணக்கை வெறுத்த பிள்ளைகள் அன்று அதை விரும்பிச் செய்தார்கள்.

மேலும் விவரம் வேண்டுவோர் கடுகண்ணாவைக்குச் செல்லலாம். இலங்கைப் புகையிரதத்தின் 150ஆவது ஆண்டு நிறைவை ஒட்டி, 2014ஆம் ஆண்டு டிசம்பர் 27இல் அங்கே தேசியப் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. பழைய எஞ்சின்களையும் வண்டிகளையும் அங்கே அருகில் நின்று பார்க்கலாம்.

அரிசி அரிசியாகாது

செய்வதற்கு வேண்டிய பொருட்கள் வீட்டிலேயே உண்டு. சுவருக்குப் பழைய கொப்பிகளின் மட்டை. பலகைக்கும் இரும்புச் சட்டங்களுக்கும் தென்னோலை ஈர்க்கு. கதவுக் கொளுவிக்கு மெல்லிய செப்புக்கம்பி. மூடைக்குப் பழந்துணியும் களிமண்ணும்.

ஆனால் சரக்கு விஷயத்தில் ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. மாணவி ஒருத்தி நெல் மூடை ஒன்று அவிழ்ந்து சிந்தியிருப்பதாகக் காட்ட விரும்பி, உண்மையான நெல்லையே தூவினாள். எனக்கு ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றியது. கணக்குப் பார்த்தோம். ஒரு நெல்மணி ஏழெட்டு மில்லிமீற்றர் நீளம். ஐம்பதால் பெருக்கினால் ஏறக்குறைய ஒரு முழம்! முழ நீள நெல் விளையும் நாட்டில் பஞ்சமே இராது. பிறகு சலித்தெடுத்த மரத்தூளை மஞ்சள் பூசித் தூவினாள். அது நெல்லாகத் தோன்றியது. உண்மைப் பொருள் பொய்யாகவும், பொய்ப் பொருள் உண்மையாகவும் தோன்றும் விந்தை இக்கலையில் உண்டு.

வைக்கோலுக்குத் தும்பைப் பொடியாக நறுக்கினோம். வாழைச்சேனைக் கடதாசி ஆலையை நினைவூட்டுவதற்காக அது. 1956இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை, வைக்கோலிலிருந்து கடதாசி செய்தது. நாங்கள் சூடடித்துவிட்டு வயலில் எரிக்கின்ற அதே வைக்கோல், எங்கள் மாகாணத்திலேயே பள்ளிக்கூடக் கொப்பியாக மாறிய காலமும் இருந்தது என்று சொன்னபோது, பிள்ளைகள் தங்கள் கொப்பிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

ஒவ்வொரு சரக்கும் பெட்டியின் உடலில் தன் கையெழுத்தை இட்டுச் செல்கிறது. உப்பு ஏற்றிய பெட்டியின் இரும்பு விரைவில் துருவேறும். சீமெந்துப் பெட்டியின் வாசலிலும் படியிலும் சாம்பல் நிறப் படை உறைந்திருக்கும். தேயிலையோ அயலிலுள்ள நாற்றத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. கருவாடு ஏற்றிய பெட்டியைக் கழுவித் துடைத்தாலும் அதிலே தேயிலையை ஏற்ற அறிந்தவர் ஒருப்படார். ஆகவே வண்ணம் தீட்டும் முன்னர், 'இது நேற்று எதைச் சுமந்தது?' என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

பெரியவர் சொன்ன பாடம்

இப்பொழுது கண்காட்சிக்குத் திரும்புவோம். அந்த மாணவன் ஒரு முஸ்லிம் பிள்ளை. வீடு கட்டும் மேசன் ஒருவரின் மகன். ஆதலால் சீமெந்தைத் தெரிந்தெடுத்திருந்தான். 1950ஆம் ஆண்டு முதல் காங்கேசன்துறைத் தொழிற்சாலையில் சீமெந்து உற்பத்தியானதையும், அது புகையிரதத்தில் தெற்கே சென்றதையும் நான் வகுப்பில் கூறியிருந்தேன். அதுவே அவன் ஆதாரம்.

"ஏனையா ஓடாது?" என்று அவன் மெல்லக் கேட்டான்.

பெரியவர் பெட்டியின் கதவருகே விரலை வைத்தார். "உதுக்குள்ளை இருக்கிறது சீமெந்து எண்டுதானே எழுதியிருக்கிறாய்? சீமெந்தை முகடுமட்டும் அடுக்கினால் வில்லு உடையும், அச்சு முறியும். முழங்காலளவுதான் அடுக்கிறது. அதையும் நடுவிலை குவிக்கக் கூடாது. ரெண்டு அச்சுக்கும் மேலை சரிசமனாய்ப் பரப்பவேணும்."

"அப்ப, மேலே வெறுமையாகவா இருக்கும்?"

"வெறுமையாய்த்தான் இருக்கும், தம்பி. அதுக்குள்ளை நிண்டுதானே நாங்கள் வேலை செய்தது."

உடனே கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துத் தொன் ஏற்றக்கூடிய நாற்சில்லுப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். தரை ஐந்தரை மீற்றர் நீளம், இரண்டரை மீற்றர் அகலம். ஒரு சீமெந்து மூடை ஏறக்குறைய ஓர் அந்தர். இருபது அந்தர் ஒரு தொன். ஆகவே பத்துத் தொன்னுக்கு 200 மூடை. அவற்றைத் தரையெங்கும் பரப்பினால் உயரம் அரை மீற்றரே வருகிறது. முழங்காலளவு! அதே பத்துத் தொன் நெல்லாயின், ஒன்றேகால் மீற்றர். மார்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். வைக்கோற் கட்டாயின், கூரையைத் தொட்ட பின்பும் மூன்று தொன்னுக்கு மேல் ஏறாது. பெட்டி ஒன்றேயாயினும், பாரச் சரக்கு அதனைப் பாரத்தால் நிரப்புகிறது. இலேசான சரக்கு இடத்தால் நிரப்புகிறது. கதவைத் திறந்து உயரத்தைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே இருப்பது என்ன என்று அநுபவசாலி சொல்லிவிடுவான்.

நான் ஒரு பட்டதாரி. இருபது வருஷமாகச் சரித்திரம் படிப்பிக்கிறேன். இந்த எளிய கணக்கு எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெரியவரோ கணக்கே போடவில்லை. அவருடைய முழங்கால் அதை அறிந்திருந்தது.

யார் அவர்? விசாரித்தபோது, இளமையிலே காங்கேசன்துறையில் பெட்டிகளுக்குச் சீமெந்து ஏற்றிய தொழிலாளி என்று தெரிந்தது. போரினால் இடம்பெயர்ந்து, பல ஊர் அலைந்து, கிழக்கிலே மணம் முடித்த மகளோடு வந்து தங்கியிருக்கிறார். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கண்காட்சி பார்க்க வந்தவர். இத்தனை வருஷமாக இந்த ஊரில் அவரிடம் அந்தப் பழைய தொழிலைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

பாதை போனது, பாதை வந்தது

வடக்குப் பாதையின் கதையை இளைஞர் அறிந்திருக்க வேண்டும். காங்கேசன்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது 1902இல். 1905இல் அப்பாதை தெற்கோடு இணைந்து கொழும்பை எட்டியது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும், ஆனையிறவு உப்பும், காங்கேசன்துறைச் சீமெந்தும் தெற்கே இறங்கின. தெற்கிலிருந்து தேங்காயும் துணியும் மாவும் சீனியும் வடக்கே ஏறின. இருதிசைச் சரக்கும் ஒரே தண்டவாளத்தில் ஓடியவரைக்கும், ஒருவர் அடுப்புக்கு மற்றவர் உழைப்பு போய்க்கொண்டிருந்தது.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு யாழ்தேவியின் ஓட்டம் நின்றது. அவ்வாண்டிலேயே சீமெந்துத் தொழிற்சாலையும் ஓய்ந்தது. பின்வந்த ஆண்டுகளில் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் இடம் பெயர்ந்தன. மனிதரைச் சுமக்க வேண்டிய கட்டைகள் பதுங்குகுழிகளின் கூரையைச் சுமந்தன. பாதை இருந்த இடத்தில் பற்றை வளர்ந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேதான் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டும் புகையிரதம் சென்றது. மனிதர் மீண்டும் ஏறினார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் பழைய சீமெந்துப் பெட்டிகள் அந்தப் பாதைக்குத் திரும்பவில்லை. நாடெங்கும் சரக்கிலே பெரும் பங்கு இப்போது லொறிகளில் ஏறிவிட்டது.

பாதையை மீண்டும் போடப் பணமும் எஞ்சினியர்களும் வேண்டும், கிடைத்தார்கள். ஆனால் ஒரு பெட்டியில் சீமெந்தை எத்தனை அடுக்கு வைத்தார்கள், மழை நாளில் எதனால் மூடினார்கள், எந்த நிலையத்தில் யார் இறக்கினார்கள் என்பதை எந்த எஞ்சினியரும் திருப்பித் தரமுடியாது. அவை எழுதப்பட்ட விஷயங்கள் அல்ல. அவ்வேலையைச் செய்தவர்களின் உடம்பிலே மாத்திரம் இருப்பவை. அவர்களுக்கோ வயதாகிக்கொண்டிருக்கிறது.

ஒரு சிறு சீட்டு

மேல்நாட்டு மாதிரிப் புகையிரதக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒவ்வொரு சிறு பெட்டிக்கும் ஒரு சீட்டு எழுதி வைப்பார்கள்: என்ன சரக்கு, எங்கிருந்து, எங்கே, யாருக்கு. அந்தச் சீட்டுப்படியே பெட்டியை நகர்த்தி விளையாடுவார்கள். சீட்டு இல்லாத பெட்டிக்கு அவர்களுடைய பாதையில் வேலையில்லை.

நாங்களும் ஒவ்வொரு பெட்டிக்கும் சீட்டு எழுத முடிவுசெய்தோம். மாணவன் தன் பெட்டியை எடுத்து, மேலடுக்கு மூடைகளை ஒவ்வொன்றாக அகற்றினான். ஒட்டியிருந்ததனால் சில கிழிந்தன. முழங்காலளவு மாத்திரம் மிஞ்சியது. பிறகு பெரியவரிடம், "ஐயா, இது எங்கே போகுதெண்டு எழுத?" என்று கேட்டான்.

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "மட்டக்களப்பு எண்டு எழுது, தம்பி. மாகோவிலை கழட்டி, கல்ஓயாச் சந்தியாலை திருப்பி விடுவாங்கள். அங்கையிருந்து உங்கடை ஊருக்கு லொறி" என்றார்.

அவன் அப்படியே எழுதினான்: 'சீமெந்து, 200 மூடை. காங்கேசன்துறை, மாகோ, கல்ஓயா, மட்டக்களப்பு.' வரைபடத்தில் அந்த வழியை விரலால் தொட்டுப் பாருங்கள். வடக்கிலே தமிழர் ஏற்றிய மூடை, நடுவே சிங்கள ஊர்களின் ஊடாக வந்து, கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் வாழும் கரையில் வீடாக எழுகிறது. இதனைப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதலாம். ஒரு சாணுக்கும் குறைந்த அட்டைப் பெட்டி அதைவிட நன்றாகச் சொல்கிறது.

பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறை நாட்களில் ஒரு சரக்குப் பெட்டி செய்யுங்கள். புகையிரதம் உங்கள் ஊருக்கு வந்திருக்க வேண்டுமென்பதில்லை; மாட்டு வண்டியாகட்டும், வாவியில் ஓடிய தோணியாகட்டும், பழைய லொறியாகட்டும். ஆனால் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னர், உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் போய் அமர்ந்து, "நீங்கள் எதைச் சுமந்தீர்கள்? எப்படி அடுக்கினீர்கள்?" என்று கேளுங்கள். சம்மாந்துறையில் நெல்லைப் பற்றிச் சொல்ல ஒருவர் இருப்பார். மருதமுனையில் நெசவு நூலைப் பற்றிச் சொல்ல ஒருவர் இருப்பார். கேட்டதைத் தேதியோடு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு செய்யும் பெட்டி கோணலாக இருந்தாலும் குற்றமில்லை.

அந்தச் சீமெந்துப் பெட்டி இன்று எங்கள் வகுப்பறை அலுமாரியில் இருக்கிறது. வருகிறவர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "பெட்டி ஏன் முக்கால்வாசி வெறுமையாகக் கிடக்கிறது?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்வது என் வேலையல்ல. அதைச் செய்த மாணவன் எழுந்து நின்று, முழங்காலைத் தொட்டுக் காட்டிச் சொல்கிறான்.